மறுமொழி: ‘ஃபயர் டோர்’ தமிழில் – ‘தீக்கதவு’ ஏன் போதாது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘ஃபயர் டோர்’ என்பது தீயும் புகையும் பரவாமல் இருக்கத் தானாக மூடிக்கொள்ளும் கதவு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில், ‘தீக்கதவு’ சுருக்கமாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் காரிடாருக்கும் மாடிப்படிக்கும் நடுவில் தளத்துக்கு ஒன்றாக இந்தக் கதவு இருக்கிறது. கனமான கதவு, தலைமாட்டில் முழங்கை மடக்கியதுபோல் ஒரு க்ளோசர், அதாவது திறந்த கதவைத் தானாக மூட வைக்கும் கருவி. சங்கத்தில் அறிவிப்பு அட்டை எழுதும் வேலை என்னுடையது. ‘தீக்கதவு’ என்று பெரிய எழுத்தில் எழுதி எல்லாத் தளத்திலும் நானே ஒட்டினேன். மறுநாள் மூன்றாம் தளத்துப் பாட்டி கேட்டார்: “தீப்பிடிச்சா இது வழியா ஓடணும்னு போட்டிருக்கா தம்பி? அப்ப திறந்தே வெச்சிரலாமே. அந்த நேரத்துல இத்தனை கனத்தை யாரு தள்ளிக்கிட்டு நிப்பா?” கேட்டதோடு விடாமல் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து கதவுக்கடியில் செருகியும் விட்டார். கட்டையை அன்றே எடுத்துவிட்டேன். ஆனால் பிழை என்னுடையது. நான் எழுதிய சொல்லை அவர் சரியாகத்தான் படித்தார். மழைக்கோட்டு மழை வந்தால் போட்டுக்கொள்வது. அப்படியானால் தீக்கதவு தீ வந்தால் ஓடிப்போகிற கதவுதானே?

இந்தக் குழப்பம் சாதாரணமானதில்லை. வெளியேறும் வழியில் உள்ள கதவு தள்ளியதும் திறக்க வேண்டும், நாம் பெயர் தேடும் கதவோ விட்டதும் மூடிக்கொள்ள வேண்டும். ஒரே கதவு இரண்டு வேலையும் செய்யலாம், மாடிப்படிக் கதவு அப்படிப்பட்டதுதான். ஆனால் குடியிருப்பவர் கையில் இருப்பது இரண்டாவது வேலை. அந்தப் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தத் தோன்ற வேண்டும். இதைத் தவிர வேறு எதையும் அந்தச் சொல்லிடம் நான் கேட்கவில்லை.

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்சார ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ அந்த வீட்டையும் அதை ஒட்டிய காரிடாரையும் விட்டுப் பெரிதாக வெளியே போகவில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் வெளியே ஓடியபோது வாசற்கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை. 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்தே நின்றது. படிக்கட்டு புகைபோக்கியாகிவிட்டது. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். அத்தனை பேரையும் கொன்றது புகை. இரண்டு கதவுகள் மூடியிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இனி இழையில் வந்த பரிந்துரைகள்.

> ‘தீத்தடுப்புக் கதவு’ என்பது ஏற்கெனவே புழங்கும் வடிவம். அதையே கொள்வோம்.

‘தீத்தடுப்பு’ என்றால் தீ உண்டாகாமல் தடுப்பது என்ற பொருள் ஊன்றிவிட்டது. இந்தக் கதவுக்கு வேலை தொடங்குவதே தீ உண்டான பிறகுதான்.

> பொறியியல் நோக்கில் ‘தீயெதிர்ப்புக் கதவு’தான் துல்லியம்.

துல்லியம்தான், ஐயா. ஆனால் அது கதவின் தரத்தைச் சொல்லும் சொல். 30 நிமிடம் தாங்குமா, 60 நிமிடம் தாங்குமா என்று அளக்கும் இடத்தில் ‘எதிர்ப்பு’ இருக்கட்டும்: ‘தீயெதிர்ப்பு நேரம் 30 நிமிடம்’. அந்த நேரமும் பலகைக்கு மட்டும் உரியதன்று. பலகை, நிலை, கீல், க்ளோசர், ஓரப்பட்டை எல்லாம் சேர்ந்த தொகுப்பைத்தான் உலையில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஓரத்து இடைவெளி 3 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழைகிறது என்றால், பலகை எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை. மேலும், எவ்வளவு எதிர்ப்பு உள்ள கதவும் திறந்து கிடந்தால் எதையும் எதிர்க்காது. ‘எதிர்ப்பு’ என்ற சொல் அதைச் சொல்வதில்லை.

> ‘தீயணை கதவு’ என்றால் தீயணைப்புத் துறையோடு உறவு தெரியுமே?

உறவு தெரியும், அதுதான் சிக்கலே. அணைப்பது வேறு, அடைப்பது வேறு. இந்தக் கதவு ஒரு பொறியைக்கூட அணைக்காது. தீயை அது இருக்கும் இடத்திலேயே அடைத்து வைத்து, மற்றவர்களுக்கு நேரம் வாங்கித் தரும்.

ஆகவே என் பரிந்துரை: தீயடைகதவு.

தீயை அடைத்த, அடைக்கின்ற, அடைக்கும் கதவு என்று மூன்று காலத்தையும் உள்ளடக்கிய வினைத்தொகை. எப்போதும் அடைத்தே இருக்க வேண்டிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது என்று நினைக்கிறேன். வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. நேற்றைய மடலில் ‘தீயடைக்கதவு’ என்று வந்திருந்தது, அந்த ‘க்’ வேண்டாம். ‘தீயை அடையும் கதவு, அதாவது தீயிடம் போய்ச் சேரும் கதவு என்றும் படிக்கலாமே’ என்ற ஆட்சேபம் வரும். படிக்கலாம்தான். ஆனால் கதவோடு சேரும்போது ‘அடை’ என்பதற்கு நம் காதில் முதலில் விழுவது மூடுவதுதான். சிறுபாணாற்றுப்படையின் ‘அடையா வாயில்’ முதல் இன்றைய ‘கதவடைப்பு’ வரை அந்த வழக்கு அறுபடவில்லை.

‘புகை’யும் சொல்லில் வர வேண்டாமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் அதுதான். எங்கள் இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. பதற்றத்தில் வீட்டுக்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்கள். காரிடார் முழுக்கப் புகை. படிக்கட்டுக் கதவு மூடியிருந்ததால் மேல்தளத்தார் எல்லாரும் படி வழியாகவே இறங்கி வந்தார்கள். பிறகு அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்தேன். காரிடார் பக்கம் பிசுபிசுப்பான கரி, உள்ளங்கையில் அப்படியே ஒட்டியது. படிக்கட்டுப் பக்கம் வெள்ளைச் சாயம் மங்கக்கூட இல்லை. கதவோரத்தில் ஓடும் தூரிகை மயிர் மட்டும் ஒரு கோடாகக் கறுத்திருந்தது. புகையை நிறுத்தியது அந்த மெல்லிய மயிர்தான். ஆங்கிலக் குறியீட்டில் 30 நிமிடம் தாங்கும் கதவைக் குறிக்கும் எஃப்.டி.30 என்பதோடு ஓர் எஸ் சேர்த்தால் புகையடைப்பும் உண்டு என்று பொருள். நாமும் பொதுச்சொல்லாகத் தீயடைகதவை வைத்துக்கொண்டு, அந்த வகையைப் ‘புகையடைப்புள்ள தீயடைகதவு’ என்று விரித்தே சொல்லலாம். சொல் நீளும், ஆனால் அது ஆவணத்துக்கு உரியது, வாசலுக்கு அன்று.

தீ வெளியே பரவாதபடி பிரித்து அமைத்த கட்டடப் பகுதியான ‘கம்பார்ட்மென்ட்’டுக்கு வந்த ‘தீயறை’ வேண்டவே வேண்டாம், உலைக்களம் நினைவுக்கு வருகிறது. எனக்குத் தோன்றுவது தீக்கட்டு. முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் பகுதியைக் குறிப்பதும் ‘கட்டு’, ‘தீ கட்டுக்குள் வந்தது’ என்று செய்தியில் படிப்பதும் ‘கட்டு’. பகுதி, அடக்கம் என்ற இரண்டு பொருளும் இங்கே வேண்டியிருக்கிறது, ஒரே சொல் இரண்டையும் தருகிறது. ஒவ்வொரு வீடும் ஒரு தீக்கட்டு, கட்டின் வாய் தீயடைகதவு. மந்திரத்தால் நெருப்பைக் கட்டுவது போல ஒலிக்கிறது என்று ஒருவர் தயங்கினார். வாய்க்கட்டுக்கும் மந்திர வாடை உண்டு, அதற்காகக் காயக்கட்டை யாரும் கைவிடவில்லையே.

சூடேறினால் உப்பி இடைவெளியை அடைக்கும் ஓரப்பட்டைக்கு ‘உப்புபட்டை’ என்று வந்திருக்கிறது. ஒரு ‘ப்’ கூடினால் அது வேறு பொருளாகிவிடும், அச்சில் அந்த ‘ப்’ நிச்சயம் கூடும். ‘பொங்குபட்டை’ என்போம். சுமார் 200 டிகிரி செல்சியஸில் அது செய்வதும் பொங்குவதுதான், பால் பொங்குவதைப் போல. க்ளோசரை க்ளோசர் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தச்சரும் காவலாளியும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

‘ஸ்டே புட்’, அதாவது வேறு வீட்டில் தீப்பிடித்தால் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை பற்றி ஒன்று. அதற்கு ஒற்றைச் சொல் ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘உள்ளிருப்பு’ போராட்டத்துக்குப் போய்விட்டது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த அறிவுரை ஒவ்வொரு தீக்கட்டும் பழுதின்றி இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் நான்காம் மாடிச் சமையலறையில் தொடங்கிய தீ வெளிச்சுவரின் எரியக்கூடிய உறை வழியே ஏறியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை கைவிடப்பட்டது அதிகாலை 2.47க்கு. முதல் அழைப்பு வந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. 72 பேர் இறந்தார்கள். அங்கும் க்ளோசர் இல்லாத, பழுதான கதவுகள் புகையைப் பரவ விட்டதாக விசாரணை ஆணையம் பதிவு செய்தது. இப்படி நிபந்தனையோடு மட்டும் சொல்ல வேண்டியதை ஒரு சொல்லாகச் சுருக்கினால் நிபந்தனை உதிர்ந்துவிடும். முழு வாக்கியமாகவே எழுதுவோம்: ‘தீ வேறு வீட்டில் என்றால், உங்கள் வீட்டுக்குப் புகையோ வெப்பமோ வராதவரை, வெளியேறச் சொல்லாதவரை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள்.’ எந்தக் கட்டடத்துக்கு இது பொருந்தும் என்பதை அந்தக் கட்டடத்தின் தீப்பாதுகாப்புத் திட்டம்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல.

கிரென்ஃபெல்லுக்குப் பின் வந்து 2023 ஜனவரி 23இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்து விதிகள், குடியிருப்போருக்கு இந்தக் கதவு பற்றி மூன்று செய்தி சொல்லியாக வேண்டும் என்கின்றன: பயன்படுத்தாத நேரத்தில் சாத்தி வையுங்கள், க்ளோசரில் கைவைக்காதீர்கள், பழுதைக் கண்டால் உடனே சொல்லுங்கள். பட்டியலில் சாத்துவதுதான் முதலில் இருக்கிறது.

‘சாத்து’ என்று நான் எழுதுவது தெரிந்தேதான். பெயரில் ‘அடை’ இருக்கட்டும், ஏவலில் ‘சாத்து’ வேண்டும். அடை என்றால் தாழ்ப்பாள் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். படிக்கட்டுக் கதவைத் தாழிட்டால் அது இன்னொரு வகை ஆபத்து. சாத்தினால் மூடியிருக்கும், தள்ளினால் திறக்கும்.

பழைய அட்டைகளைக் கிழித்தாயிற்று. புதிதில் இப்படி எழுதி மூன்றாம் தளத்தில் மட்டும் ஒட்டிப் பார்க்கிறேன்:

தீயடைகதவு
சாத்தியே வையுங்கள். தாழிடாதீர்கள். கட்டை செருகாதீர்கள்.

பாட்டி படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதை அடுத்த மடலில் எழுதுகிறேன். அதற்குள் ‘தீக்கட்டு’ பற்றி உங்கள் கருத்து தெரிந்தால் நல்லது.

அன்புடன்.