செசி நம்பரைப் போட்டுப் பாத்தனீங்களா? சஸ்பென்ஷன் ரீகோல் (பிழையைத் திருத்தக் கொம்பனி வாகனத்தைத் திருப்பி அழைக்கிறது), எங்கட திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளியில இருந்து:

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகேக்கதான் முதல் சத்தம். முன் இடது சில்லுப் பக்கம் "டொக்" எண்டு ஒண்டு. பிள்ளையள் பின் சீற்றில நித்திரை. இரவு, யானை கடக்கிற றோட்டு, இறங்கிப் பாக்கவும் ஏலாது. மெதுவா உருட்டிக்கொண்டு போய்ச் சேந்தம்.

திரும்பி வந்து ரெண்டு கராஜில காட்டினன். "புஷ் தேஞ்சிருக்கும்" எண்டு அந்த இறப்பர் வளையங்களை மாத்திச்சினம். காசு போச்சு, சத்தம் போகேல்ல. மூண்டாவதா ஒரு வயசான பாஸ் வண்டியை ஜக்கில ஏத்தி, சில்லுக்குக் கீழ அலவாங்கைக் குடுத்து நெம்பினார். சில்லைப் பிடிச்சிருக்கிற லோவர் ஆர்ம் அசையேல்ல, சில்லு மட்டும் எழும்பிச்சு, ஒரு ரூபாய்க் குத்தி மொத்தத்துக்கு. ஆர்மையும் சில்லுப் பக்கத்தையும் இணைக்கிற போல் ஜொயின்டின்ர இறப்பர் உறை வெடிச்சிருந்தது. கிறீஸ் இருக்கவேண்டிய இடத்தில தவிட்டு நிறத்தில துருத்தண்ணி. "தம்பி, இது கழண்டால் சில்லு மடங்கிப் போகும். ஸ்டேரிங்கைப் பிடிச்சும் பிரயோசனமில்லை" எண்டார். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல.

செசி நம்பரை, அதாவது வாகனத்தில அடிச்சிருக்கிற அடையாள நம்பரை, கொம்பனியின்ர யப்பான் இணையத்தளத்தில போட்டுப் பாக்கச் சொன்னதும் அவர்தான். போட்டன். அந்த ஜொயின்டுக்கே ரீகோல், திருத்தாமல் கிடக்கு! ரீகோல் கடிதம் யப்பானில பதிஞ்ச சொந்தக்காரருக்குத்தான் போகும். கப்பலேறி வந்த வாகனத்தை ஒருத்தரும் தேடி வரமாட்டினம், நாங்கள்தான் தேடவேணும். இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல நினைச்சனான்.

கொழும்பில அந்தக் கொம்பனியின்ர ஏஜென்ட் முதல்ல "நாங்கள் இறக்கின வாகனமில்லை" எண்டு கையை விரிச்சவை. தளத்தில வந்ததை அச்செடுத்து, செசி நம்பரோட கடிதமா எழுதிக் குடுத்தன். ரெண்டு மாசத்தால சாமான் வந்திட்டுது எண்டு அழைப்பு. 260 கிலோமீற்றர் அந்தச் சில்லோட ஓடத் துணிவில்லை, கரியர் லொறியில ஏத்தித்தான் அனுப்பினன்.

கிண்ணியாவில இருந்து:

நானா, வாசிச்ச உடனே வாப்பாட ஜீப்பைப் பாத்தன். சத்தம் ஒண்டுமில்லை, ஆனாலும் பாத்தன். 2012இல டொயோட்டா அமெரிக்காவில ஏறத்தாழ 778,000 வாகனத்தைத் திருப்பி அழைச்சது, பெரும்பாலும் 2006 தொடக்கம் 2011 வரையான ராவ்4 ஜீப். வீல் அலைன்மென்ட் (சில்லுகளின்ட கோணத்தைச் சரிப்படுத்திறது) செய்தாப்பிறகு பின் சஸ்பென்ஷன் ஆர்மின்ட நட்டைச் சரியா இறுக்காட்டி, மரை துருப்பிடிச்சு ஆர்ம் கழரலாம் எண்டதுதான் காரணம். முதல் திருத்தத்தில சில வாகனங்களுக்கு வேலை சரியா நடக்கேல்ல எண்டு 2013இல திரும்பவும் அழைச்சாங்க. கடலுக்குப் பக்கத்தில, உப்புக் காத்தில நிக்கிற எங்கட வாகனங்களுக்கு இது சின்ன விசயமில்லை. அலைன்மென்ட் செய்தா அந்த நட்டை இறுக்கினதைக் கண்ணால பாத்திட்டு வாங்க.

லிங்கநகரில இருந்து, கராஜ் வச்சிருக்கிறன்:

ஒரு விசயம் மட்டும். ஆர்ம் மாத்தினால் புஷ் போல்ற்றைக் கடைசியா இறுக்கிறது சில்லு நிலத்தில நிண்டு பாரம் விழுந்தாப்பிறகு. ஜக்கில தொங்கேக்க இறுக்கினால் இறப்பர் முறுகி நிண்டு, கெதியாக் கிழியும். 2020இல இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து 2025 வரைக்கும் பழைய வாகனங்களைத்தான் ஓட்டினம். வருசா வருசம் லைசன்சுக்குப் புகை பாக்கினம், காருக்குக் கீழ ஒருத்தரும் குனிஞ்சு பாக்கிறேல்ல. மனசு கேக்கேல்ல, அதுதான் எழுதினன்.

உப்புவெளி:

ஏஜென்ட் காசு கேட்டவையோ எண்டு உள்பெட்டியில கேட்டிருந்தீங்கள். சாமானுக்கும் கூலிக்கும் ஒரு சதமும் வாங்கேல்ல. கரியர் செலவு மட்டும் என்னோட. ரீகோல் வேலை முடிஞ்சது எண்டு கேட்டு வாங்கின கடதாசி டாஷ்போட் லாச்சிக்குள்ள கிடக்கு. வாகனத்தை விக்கிற நேரம், வாங்கிறவரின்ர கையில அதையும் குடுப்பன்.