'ப்ரைமர்' போட்டேன், பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த மாதம் என்ன படம் போடலாம்?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்):
மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்துப் படம் போடுகிறேன். தெருக்காரர்கள், சிப்காட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் என்று 14 பேர் வருவார்கள். போன மாதம் 'ப்ரைமர்' போட்டேன். ஷேன் கருத் சுமார் 7,000 டாலரில் எடுத்த ஆங்கிலப் படம், இரண்டு இன்ஜினியர்கள் காலத்தில் பின்னால் போகும் ஒரு பெட்டியைத் தற்செயலாகச் செய்துவிடும் கதை. எழுத்து, இயக்கம், எடிட்டிங், இசை எல்லாம் அவரே, நடித்தும் இருக்கிறார். 2004-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பெரிய பரிசு வாங்கியது. 77 நிமிடம்தான். நாற்பதாவது நிமிடத்தில் ஏழு பேர் இறங்கிப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு அக்கா "ஒண்ணும் புரியல தம்பி, தப்பா நெனச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனது இன்னும் உறுத்துகிறது.

இனிமேல் ஒரு வருடத்துக்கு 'சூது கவ்வும்' (2013), 'இன்று நேற்று நாளை' (2015) மாதிரி தமிழ்ப் படங்கள் மட்டும் போடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

லாஸ்பேட்டை:
சரியில்லை என்பேன். அந்த இரண்டும் நல்ல படங்கள், ஆனால் டிவியிலேயே பலமுறை பார்த்திருப்பார்கள். நான் சப்டைட்டில் படிக்கப் பழகியதே ஆரோவில்லில், சினிமா பாரடைசோ என்ற அரங்கில் உட்கார்ந்துதான். முதல் மூன்று படங்கள் எனக்கும் பிடிபடவில்லை. அப்போது யாராவது "இவனுக்கு இது வேண்டாம்" என்று முடிவு செய்திருந்தால் நான் இழந்தது அதிகம்.

உங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 1965-இல் தன் நாவலைத் தானே 'உன்னைப்போல் ஒருவன்' என்று படமாக்கினார். தேசிய விருதுச் சான்றிதழ் கிடைத்தது, தியேட்டரில் ஓடவில்லை. சனங்களுக்குப் புரியாது என்று அவர் நினைத்திருந்தால் அந்தப் படமே வந்திருக்காது. ஏழு பேர் போனதையே சொல்கிறீர்கள், ஏழு பேர் கடைசிவரை இருந்தார்களே!

திருப்பாப்புலியூரான்:
இருந்தவர்களை வைத்துக்கொண்டு போனவர்களை விட்டுவிடலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த அக்கா அடுத்த மாதம் வரமாட்டார். இதில் படத்தின் குற்றம் எதுவும் இல்லை, கூப்பிட்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'ப்ரைமர்' கதைக்கு அடிப்படை ஒரே விதிதான்: ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமென்றால் அந்தப் பெட்டிக்குள் ஆறு மணி நேரம் அடைந்து கிடக்க வேண்டும். இதை ஒரு தாளில் கோடு போட்டு முன்னாலேயே காட்டியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ஆடுபுலி ஆட்டம் பார்க்க உட்காருபவருக்குப் புலி எப்படித் தாண்டும் என்று சொல்வது மாதிரிதான் இது. ஆட்டத்தை யார் ஜெயிப்பார் என்று சொல்லவில்லையே.

லாஸ்பேட்டை:
அங்கேதான் நாம் வேறுபடுகிறோம், ஐயா. அந்த இரண்டு இன்ஜினியர்களுக்கே தாங்கள் செய்து வைத்திருப்பது என்னவென்று தெரியாது. அவர்களோடு சேர்ந்து நாமும் தடுமாறுவதுதான் அந்தப் படம். கோடு போட்டுக் காட்டிவிட்டால் தடுமாற்றம் போய்விடும்.

திருப்பாப்புலியூரான்:
அப்படியென்றால் முன்னுரை தேவைப்படாத படமாகப் போடுங்கள். 'கோஹரன்ஸ்' (2013). ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்தது. நடிகர்களுக்கு முழு ஸ்கிரிப்ட் கிடையாது, அன்றன்றைக்குச் சில குறிப்புகள் மட்டும். எட்டு நண்பர்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கூடியிருக்கிறார்கள், வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் கடக்கிறது, கரண்ட் போகிறது. தெருவே இருட்டு, தூரத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. அங்கே போய்ப் பார்க்கிறார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. தெருக்கோடியில் ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிந்தால் மனது எப்படி இழுக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன்.

கெடிலக்கரை:
இது பிடித்திருக்கிறது. அப்புறம் டார்க் காமெடியும் ஒன்று போட ஆசை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஈ.ம.யௌ' (2018) யோசித்தேன். கொச்சிப் பக்கம் செல்லானம் என்ற கடலோர ஊரில் அப்பா இறந்துபோகிறார், அவருக்கு ஊர் மெச்ச அடக்கம் செய்ய மகன் படும் பாடு. மலையாளம் என்பதால் காதாலும் பாதி பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அக்காவின் மாமனார் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

நெய்வேலி_வட்டம்:
வேண்டாம். சாவைக் காட்டிச் சிரிக்க வைக்கும் படத்தைக் குடும்பத்தோடு வருபவர்களுக்குப் போடக்கூடாது. தனியாகப் பார்ப்பவர் பார்க்கட்டும். துக்கம் ஆறாத மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படிச் சிரிப்பேன்?

தேவனாம்பட்டினம்:
அண்ணா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் சாவு வீட்டில் சிரிப்பே கிடையாது என்று நினைக்காதீர்கள். எங்கள் அப்பா போனபோது ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்து வைத்த அரை மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரரைத் தேடி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அத்தை நடுவில் நிறுத்தி, "டீசலையும் வாங்கிட்டு வாடா" என்று கத்திவிட்டு மறுபடி ஒப்பாரியைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரித்தார், சிரித்தபடியே அழுதார். அப்பாவை நினைத்தால் எனக்கு இன்றும் அந்த ஓட்டம்தான் முதலில் ஞாபகம் வரும்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கருமாதியில் விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்த்தேன். கர்ணன் சாகப் போகிறான், நடுவில் கட்டியக்காரன் வந்து இழவு வீட்டுக்காரர்களையே சிரிக்க வைக்கிறான். யாரும் கோபப்படவில்லை. 'ஈ.ம.யௌ'வை வீட்டில் பார்த்தபோது எல்லோரும் சிரித்தார்கள், கடைசியில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்களுக்கு அது எங்கள் வீட்டுக் கதை.

திருப்பாப்புலியூரான்:
எங்கள் ஊரில் பிறந்த புதுமைப்பித்தன் ஒரு கதையில் கடவுளையே கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிவிட்டவர். கசப்பான சிரிப்பு நமக்குப் புதிதில்லை.

நெய்வேலி_வட்டம்:
தங்கச்சி சொன்னது மனதைத் தொட்டது. ஆனாலும் அந்தச் சிரிப்பை நீங்களே சிரித்தீர்கள், மூன்றாம் நாளில். வேறொருவர் திரையில் போட்டுக் காட்டவில்லை. என் கருத்து மாறவில்லை. குறைந்தது அந்த அக்காவிடம் என்ன படம் என்று சொல்லி, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தேவனாம்பட்டினம்:
அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சொல்லாமல் போடக்கூடாது.

கெடிலக்கரை:
நேற்று அக்காவிடம் பேசினேன். சாவு வீட்டுப் படம் இப்போது வேண்டாம், வருஷம் திரும்பட்டும் என்றார். அதனால் இந்த மாதம் 'கோஹரன்ஸ்'. கரண்ட் போன ராத்திரிக் கதை என்றதும், "தானே மாதிரியா? அப்போ வர்றேன்" என்றார். லாஸ்பேட்டைக்காரரே, 'ப்ரைமர்' மறுபடி உண்டு, கடைசிவரை இருந்த அந்த ஏழு பேருக்காக, தாளும் கோடும் இல்லாமல்.

லாஸ்பேட்டை:
அதற்கு நான் பஸ் ஏறி வருகிறேன்.

தேவனாம்பட்டினம்:
எட்டரைக்குள் முடியுமா? எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு மணிக்குக் கடலுக்குப் போக வேண்டும்.

கெடிலக்கரை:
89 நிமிடப் படம்தான். 6:45-க்கு ஆரம்பித்துவிடுகிறேன்.