31 வெற்றி யார் கணக்கு?

டெட்ராய்ட் அண்ணன்: இன்று மதியச் சாப்பாடு முழுக்க ஆபீஸ் பெரியவர் ஒருவர் 1968 பேஸ்பால் கதையே சொன்னார். டெட்ராய்ட் டைகர்ஸ் பிட்சர் (நம் பவுலர் மாதிரி பந்து வீசுபவர்) டென்னி மெக்லெயின் அந்த ஒரே சீசனில் 31 வெற்றி, 6 தோல்வி. அதற்கப்புறம் இங்கே பெரிய லீகில் யாரும் 30-ஐத் தொடவில்லை.

பெரிய மாமா: ஒரு ஆள் எப்படி மாப்ளே 31 ஆட்டம் ஜெயிப்பான்? மீதி எட்டுப் பேர் வேடிக்கை பார்க்கவா வந்தார்கள்? கிரிக்கெட்டில் பவுலர் பேரில் வெற்றி எழுதுகிறோமா?

டெட்ராய்ட் அண்ணன்: இங்கே எழுதுவார்கள் மாமா. ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீச வேண்டும், அவர் ஆட்டத்தை விடும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அல்லது அவருக்குப் பதில் ஆள் இறங்கிய அதே இன்னிங்ஸில் முன்னிலைக்கு வர வேண்டும், அந்த முன்னிலை கடைசிவரை கைநழுவக் கூடாது.

நான்: அப்படியானால் அவர் 6 ரன் கொடுத்து, அணி 7 அடித்தாலும் வெற்றி அவருக்குத்தானா?

டெட்ராய்ட் அண்ணன்: ஆமாம். அவருடைய 30-வது வெற்றியே வேடிக்கை. செப்டம்பர் 14, ஓக்லாந்துடன் ஆட்டம், கடைசி இன்னிங்ஸில் 4-3 என்று டைகர்ஸ் பின்தங்கியிருக்க, மெக்லெயின் பேட் பிடிக்க வேண்டிய இடத்தில் சக வீரர் அல் கேலைனை இறக்கினார்கள், இன்னொரு சக வீரர் வில்லி ஹார்ட்டன் அடித்த அடியில் 5-4 என்று டைகர்ஸ் ஜெயித்தது.

பெரிய மாமா: உட்கார்ந்திருந்தவனுக்கு வெற்றி!! நல்ல கணக்கு 😂

சித்தி: நம் வீட்டில் சமைத்தது நான், பேர் வாங்கியது பரிமாறிய நீங்கள். அதே கணக்குதான் அண்ணா.

டெட்ராய்ட் அண்ணன்: சித்தி 🙏 ஆனால் மெக்லெயின் சும்மா ஆளில்லை, 336 இன்னிங்ஸ், 28 ஆட்டங்களைத் தானே முழுதாக வீசி முடித்தார். என் வருத்தம் வேறு. அதே வருடம் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்தது, ஃபீல்டர்கள் பிழையால் வந்ததைக் கழித்து, 1.12 ரன், மெக்லெயின் 1.96. கிப்சன் 13 ஆட்டங்களில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. வெற்றி? 22 தான். அவர் ஆடிய நேஷனல் லீகில் முதலிடம்கூட இல்லை (மெக்லெயின் ஆடியது அமெரிக்கன் லீக்), அது 26 ஜெயித்த யுவான் மாரிசலுக்கு.

நான்: 1.12 வைத்துக்கொண்டு எப்படித் தோற்றார்?

டெட்ராய்ட் அண்ணன்: 9 முறை தோற்றார்! செப்டம்பர் 17-இல் ஒரே ஒரு ரன் கொடுத்தார், எதிரணி பிட்சர் கேலார்ட் பெர்ரி ஒரு ஹிட்கூட (பேட்ஸ்மேன் அடித்து பேஸ் சேர்வது) விடவில்லை, 1-0. அவர் என்னதான் செய்வார்?

பெரிய மாமா: பாவம். சரி, இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதினார்களா?

டெட்ராய்ட் அண்ணன்: இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில் இரண்டு முறை, இரண்டிலும் கிப்சன்தான். முதல் ஆட்டத்தில் 17 பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் ஆனதும் அவுட்) செய்தார். ஆனால் கோப்பை டெட்ராய்டுக்கு. சீசனில் 17 மட்டும் ஜெயித்த இன்னொரு டைகர்ஸ் பிட்சர் மிக்கி லோலிச் மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார், கடைசி ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வோடு வந்து கிப்சனையே சாய்த்தார்.

பெரிய மாமா: அடேயப்பா!

டெட்ராய்ட் அண்ணன்: பேட்ஸ்மேன்கள் பாடு அந்த வருடம் அவ்வளவு மோசம், அடுத்த வருடமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆக இறக்கிவிட்டார்கள். இப்போது வெற்றிக் கணக்கை அவ்வளவாக மதிப்பதில்லை, 2018-இல் ஜேக்கப் டிகிராம் வெறும் 10 வெற்றி, 9 தோல்வியோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

பெரிய மாமா: அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன். அந்த லோலிச் வீடியோ இருந்தால் அனுப்பு மாப்ளே. சின்னதாக அனுப்பு, என் போனில் இடமில்லை, எல்லாம் சித்தியின் குட் மார்னிங் படம்.