துப்பாக்கி யார் கையில் இருந்தது?

பழுப்புத்தாள்:
டேவிட் கார் எழுதிய ‘தி நைட் ஆஃப் த கன்’ (2008) என்ற தன்வரலாற்றை நேற்று படித்து முடித்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கார், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளராக இருந்தவர், 2015-ல் இறந்துவிட்டார். அதற்கு முன்பு, 1980களில், மினியாபொலிஸ் நகரத்தில் கொக்கைனுக்கும் குடிக்கும் அடிமை. வேலை போன ஓர் இரவில் நண்பர் வீட்டு வாசலில் ரகளை செய்கிறார். நண்பர் துப்பாக்கியைக் காட்டி விரட்டுகிறார். இது காரின் ஞாபகம். இருபது வருடம் கழித்துப் போய்க் கேட்டால், ‘என்னிடம் ஏது துப்பாக்கி, உன் கையில்தான் இருந்திருக்கும்’ என்கிற மாதிரி பதில் வருகிறது. புத்தகம் முழுக்க இப்படித்தான். தன் வாழ்க்கையை வேறு எவருடையதோ போலத் துப்பறிகிறார். சுமார் 60 பேரிடம் கேமராவோடு போய்ப் பேட்டி எடுக்கிறார். போலீஸ் பதிவுகளையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் தோண்டுகிறார். போதையைப் பற்றி இவ்வளவு நேர்மையான புத்தகத்தை நான் படித்ததில்லை.

செவ்வந்தி:
எனக்கு எரிச்சல்தான் வந்தது. தான் கை நீட்டிய பழைய காதலியிடமே போய், ‘அன்றைக்கு உன்னை என்ன செய்தேன், சொல்’ என்று கேட்கிறார். அப்போது அடி, இப்போது பேட்டி. மறந்துபோகும் வசதி அவருக்கு, ஞாபகம் வைத்திருக்கும் வேலை அவளுக்கா? 1988-ல் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளைக் குளிரில் காருக்குள் விட்டுவிட்டுக் கொக்கைன் வாங்கப் போன கதையை எல்லோரும் உருகி உருகிப் பகிர்கிறார்கள். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மீதியைப் படிக்க ஒரு வாரம் ஆனது.

நைட்டூட்டி:
போதை மறுவாழ்வு வார்டில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். குடிபோதையில் வரும் பிளாக் அவுட் என்றால் மயக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆள் நடப்பார், பேசுவார், வண்டிகூட ஓட்டுவார். ஆனால் புது நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் அந்த நேரத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் அது மறதி கிடையாது, பதிவே ஆகாத நேரம். காலியான இடத்தை மூளை அப்புறம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். “நான் யாரையும் அடிச்சதே இல்ல சிஸ்டர்” என்று குழந்தை மேல் சத்தியம் செய்தவர் எல்லாரும் பொய்யர்கள் இல்லை. பக்கத்தில் மனைவி கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பார், அது வேறு. கூட இருந்தவர்களைக் கேட்காமல் இவர்கள் எப்படித் தன் கதையை எழுத முடியும்?

கரிசல்:
சிஸ்டர் சொல்வது சரி. கேட்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் ஃப்ரே இருக்கிறாரே. போதையிலிருந்து மீண்ட தன் கதை என்று அவர் எழுதிய ‘எ மில்லியன் லிட்டில் பீசஸ்’ 2003-ல் வந்தது. 2005-ல் அமெரிக்க டிவி பிரபலம் ஓப்ரா தன் நிகழ்ச்சியில் தூக்கிப் பிடித்தார், விற்பனை எங்கேயோ போனது. 2006 ஜனவரியில் ஓர் இணையதளம் போலீஸ் பதிவுகளைத் தேடிப் பார்த்தது. மாதக்கணக்கில் ஜெயில் என்று எழுதியவர், உள்ளே இருந்தது சில மணி நேரம். கடைசியில் பதிப்பகம் வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

மரப்பாச்சி:
போலீஸ் பதிவுதான் உண்மை என்றால் ஸ்டேஷன் ரைட்டரையே எழுதச் சொல்லிவிடலாமே! லாரன் ஸ்லேட்டர் 2000-ல் எழுதிய ‘லையிங்’ (பொய் சொல்லுதல்) என்ற தன்வரலாற்றைப் படித்துப் பாருங்கள். முதல் அத்தியாயமே இரண்டு சொல்தான்: நான் மிகைப்படுத்துகிறேன். (தமிழிலும் இரண்டே சொல், பாருங்கள்.) தனக்கு வலிப்பு நோய் இருந்ததா, இல்லை அதுவும் மனம் செய்த வேலையா என்று கடைசி வரை பிடி கொடுப்பதில்லை. குழம்பிய மனதுக்குள்ளே இருப்பது எப்படி என்பதை எனக்குக் காட்டியது அந்தப் புத்தகம்தான். டேவிட் கார் காட்டுவது ஃபைல்.

பழுப்புத்தாள்:
என் மாமா பெண்ணுக்கு வலிப்பு உண்டு. ‘நடிக்கிறாள்’ என்று பேச்சு வாங்கி வாங்கியே வளர்ந்தவள். ஸ்லேட்டரின் விளையாட்டை அவளிடம் கொடுத்து ரசிக்கச் சொல்வீர்களா, மரப்பாச்சி?

மரப்பாச்சி:
மாட்டேன். அதற்காக அது கெட்ட புத்தகம் ஆகிவிடாது.

செவ்வந்தி:
நைட்டூட்டி அக்கா, மூளை விஷயம் புரிகிறது, நன்றி. ஆனால் குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் சொல்லும் பன்னிரண்டு படிகள் உங்களுக்குத் தெரியாததா? யாருக்கெல்லாம் கெடுதல் செய்தோம் என்று பட்டியல் போடுவது எட்டாவது. நேரில் போய் ஈடு செய்வது ஒன்பதாவது. அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: போவதால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ காயம் ஏற்படும் என்றால் போகாதே. கேமராவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எந்தப் படியும் இல்லை.

நைட்டூட்டி:
அந்த விலக்கு எனக்கும் தெரியும்மா. ஆனால் டேவிட் காருக்குப் பதில் சொன்னவர்கள் சம்மதித்துத்தானே சொன்னார்கள்? சிலருக்கு இருபது வருடமாக யாரும் கேட்கவில்லையே என்பதே வேதனை. ‘இவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மறைக்கிறார்’ என்று புழுங்கிக்கொண்டு இருந்த மனைவிமாரை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வந்தி:
இருக்கலாம். எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் குடியை விட்டு நாலு வருடம் ஆகிறது. போன மாதம் ஃபோனில், “அந்தப் பொங்கலுக்கு நான் என்ன செஞ்சேன்னு சொல்லு பாப்பா, அம்மா சொல்ல மாட்டேங்குது” என்றான். ஒன்றும் இல்லை, சாப்பிட்டுத் தூங்கிவிட்டாய் என்று சொல்லிவிட்டேன்.

கரிசல்:
உண்மையில் என்னதான் நடந்தது?

செவ்வந்தி:
அவனிடமே சொல்லவில்லை என்கிறேன், உங்களிடம் சொல்வேனா?