சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது, கூட்டுக்குள் விளக்குப் போடலாமா?

கேள்வி (ஒட்டாவாவுக்கு வெளியே, கிராமப்புறம்)

வணக்கம். வீட்டுப் பின்வளவில் 4 பேடும் ஒரு வெள்ளை லெகார்ன் சேவலும் வளர்க்கிறேன். கோழிகளோடு எங்களுக்கு இது முதல் குளிர்காலம். போன வியாழன் இரவு மைனஸ் 26 வரை இறங்கியது. காலையில் கதவைத் திறந்தால் சேவலின் கொண்டை நுனிகள் வெளிறி, மெழுகு மாதிரி இருந்தன. இன்றைக்கு அவை கறுத்துவிட்டன. தாடி வீங்கியிருக்கிறது. தீனி எடுக்கிறான், ஆனால் கூவவில்லை. அவன் குரல் கேட்டு எழும்பிப் பழகிய என் மகள் மூன்று நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குளிர் போகக்கூடாது என்று நவம்பரிலேயே கூட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் அடித்தேன். மேலே இருந்த காற்றுத் துவாரங்களையும் அடைத்துவிட்டேன். இவ்வளவு செய்தும் ஏன் இப்படி? கூட்டைச் சூடாக்க 250 வாட் சிவப்பு விளக்கு வாங்கி வைத்திருக்கிறேன், போடலாமா? கறுத்த நுனியை வெட்ட வேண்டுமா?

பதில் (எட்மன்டன்)

தம்பி, இது பனிக்கடி, குளிரில் சதை உறைந்துபோவது. வெட்ட வேண்டாம், விளக்கும் போட வேண்டாம். முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். நாளை விடிந்ததும் கூரையின் உள்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆணி நுனிகளில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

அக்கா, பார்த்தேன். ஒவ்வொரு ஆணியிலும் உப்புக் கல் ஒட்டிய மாதிரி இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமும் பனிதான். கதவைத் திறந்ததும் மூக்கில் காரமான நெடி அடித்தது.

பதில் (எட்மன்டன்)

அதுதான் காரணம். கோழி குளிரைத் தாங்கும். அதன் உடம்புச் சூடு 41 டிகிரிக்குப் பக்கம், இறகைப் புசுபுசுவென்று விரித்து உள்ளே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாங்காதது ஈரம். ஐந்து கோழியின் மூச்சும், இரவு முழுக்கப் போடும் எச்சமும் சேர்ந்து எவ்வளவு நீராவி! நீங்கள் அடைத்த கூட்டில் அது போக வழியில்லை. இறகில்லாத கொண்டையிலும் தாடியிலும் போய்ப் படிந்து உறைகிறது. அந்தக் கார நெடி எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா, அது கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும்.

இன்றைக்கே மேல் துவாரங்களைத் திறந்துவிடுங்கள். கோழி உட்காரும் கட்டையில் அவற்றின் தலைக்கு மேலே காற்று போய்வர வேண்டும், தலை மட்டத்தில் வீசக்கூடாது. ஒரு டிஷ்யூக் கீற்றைக் கட்டைக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஆடினால் அந்தப் பக்க இடுக்கை அடையுங்கள். கட்டைக்குக் கீழே ஒரு பலகை வைத்து, விழுந்த எச்சத்தைத் தினமும் காலையில் வழித்தெடுங்கள். அது உறைந்திருக்கும், சுலபமாக வரும். தரையில் மரச்சீவல் ஒரு சாண் உயரம் இருக்கட்டும், ஈரமான இடத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தண்ணீரையும் இரவில் கூட்டுக்குள் வைக்காதீர்கள்.

கட்டை உருண்டையா, தட்டையா? 2×4 அங்குலப் பலகையின் அகலப் பக்கம் மேலே இருந்தால் நல்லது. கோழி அமரும்போது வயிற்று இறகு விரல்களை மூடிவிடும். உருண்டைக் கம்பில் விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

விளக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் தீ. தூசி, மரச்சீவல், ஒரு சிறகடிப்பு, அவ்வளவுதான். கூட்டோடு கோழிகளை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பதில் (மிசிசாகா)

நான் கொண்டையில் வாசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவுவேன். அதையும் செய்து பாருங்கள்.

பதில் (எட்மன்டன்)

பலர் தடவுகிறார்கள், நானும் இரண்டு வருடம் தடவினேன். ஈரக் கூட்டில் அதை நம்பி இருக்க முடியாது, துவாரத்தைத் திறப்பதுதான் முதல் வேலை.

காயத்துக்கு வருகிறேன். கறுத்த பகுதி இறந்த சதை, அதன் கீழே ஆறும் சதைக்கு அதுதான் இப்போது மூடி. தானாகக் காய்ந்து உதிரும், சில வாரம் எடுக்கும். தேய்க்காதீர்கள், கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். மற்றக் கோழிகள் கொத்தினால் அவனைப் பிரித்து வையுங்கள். சீழ், கெட்ட வாடை, பரவும் வீக்கம் வந்தால் மிருக வைத்தியர்தான். வலிக்கு நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி எந்தக் கோழிக்காவது புதிதாக வெளிறினால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை மெல்ல ஒற்றிப் பிடியுங்கள். கால் என்றால் அதே தண்ணீரில் இருபது நிமிடம் வையுங்கள். ஹேர் டிரையர் கூடாது, மரத்த சதை சுடுவதை உணராது. ஒருமுறை இளகிய பகுதி திரும்ப உறைந்தால் சேதம் இரட்டிப்பு. அதனால் ஆறும்வரை கராஜ் போல உறையாத ஓர் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. கொண்டை முழுவதும் நீலம் பாரித்து, முகம் வீங்கி, கோழிகள் திடீரென்று சாக ஆரம்பித்தால் அதைப் பனிக்கடி என்று விட்டுவிடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே அறிவிக்க வேண்டும்.

பதில் (ஊட்டி)

இங்கே உறைபனி என்றால் சுழியத்தை ஒட்டித்தான், உங்கள் குளிர் இல்லை. ஆனாலும் மார்கழியில் கூட்டைச் சாக்கால் இறுக்கி மூடினேன், ஒரே வாரத்தில் எல்லாம் தும்ம ஆரம்பித்தன. மேலே ஒரு முழம் திறந்துவிட்ட பிறகுதான் நின்றது. அக்கா சொல்வது சரி.

கேள்வி கேட்டவர் (12 நாள் கழித்து)

துவாரங்களைத் திறந்தேன், பலகைக் கட்டை மாற்றினேன். தண்ணீருக்கு ரப்பர் கிண்ணம், பகலில் மூன்று முறை வெந்நீர் கலந்து மாற்றுகிறேன். படுக்கப் போகுமுன் ஒரு கைப்பிடி சோளம். நேற்று இரவு மைனஸ் 22. காலையில் ஆணிகள் காய்ந்திருந்தன, நெடியும் இல்லை. சேவல் கராஜில் ஒரு பெட்டியில் இருக்கிறான், வீக்கம் வற்றிவிட்டது. அடுத்த முறை சேவல் எடுக்கும்போது எந்த இனம் பார்க்கலாம்?

பதில் (எட்மன்டன்)

சாண்டெக்ளேர். கியூபெக்கில் ஓகா மடத்துத் துறவி ஒருவர் 1908 முதல் இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டை பொத்தான் அளவுதான், தாடியும் சின்னது. வயண்டாட்டும் நல்லது. இப்போதைக்கு இவனைப் பாருங்கள். கூவினானா?

கேள்வி கேட்டவர்

இன்று விடிய கராஜுக்குள்ளிருந்து ஒரே ஒரு தடவை, பாதிக் குரலில். மகள் சாக்ஸ்கூடப் போடாமல் ஓடிப் போனாள்.