முடிச்சை அவிழ்த்தார்களா, அறுத்தார்களா? ‘டார்க்’ தொடரின் முடிவு பற்றி ஒரு விவாதம்

நிழற்கடிகாரம்:
மூன்று சீசனையும் முடித்தவர்கள் மட்டும் படியுங்கள். எல்லா ரகசியமும் இங்கே உடைபடும்.

வின்டன் என்னும் சிற்றூரில் நடக்கும் காலப்பயணக் கதையான ஜெர்மன் நெட்ஃபிளிக்ஸ் தொடர் டார்க், மொத்தம் 26 எபிசோட். 2017 டிசம்பரில் 10, 2019 ஜூனில் 8, 2020 ஜூனில் 8. முதல் 18 எபிசோடும் ஒரே விதியின் மேல் நிற்கின்றன. நடந்ததை மாற்ற முடியாது. மாற்றக் கிளம்புகிறவனே அதை நடத்திவைக்கிறான். காணாமல் போன மகனைத் தேடும் உல்ரிஷ் 1953க்குப் போய்ச் சிறுவன் ஹெல்கேயைக் கல்லால் அடிக்கிறார். சிறுவர்களைக் கடத்தும் எந்தக் குற்றத்தைத் தடுக்க அடித்தாரோ, அதற்கே அந்தச் சிறுவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். கதாநாயகன் யோனாஸ் அப்பாவின் தற்கொலையைத் தடுக்க 2019 ஜூனுக்குப் போகிறான். அந்த எண்ணமே அப்பாவுக்கு இவன் சொல்லித்தான் வருகிறது. வளர்ந்த யோனாஸ் குகையில் உள்ள காலத் துளையை அழிக்கப் பித்தளைக் கருவியை முடுக்குகிறார். துளை உருவானதே அதனால்தான்.

இவ்வளவு கறாராக விதியைக் கட்டிவிட்டு, மூன்றாம் சீசனில் ‘பேரழிவின் கணத்தில் காலம் துளி நேரம் நிற்கும், அப்போது காரண காரியச் சங்கிலி அறுந்திருக்கும்’ என்கிறார்கள். கடைசி எபிசோடில், ஒரு காலத்தில் ஊரின் அணு உலையை நடத்திய கிளாடியா வந்து, நாம் பார்த்த இரண்டு உலகமும் பிழையில் பிறந்தவை, மூலம் மூன்றாவது உலகம் என்கிறார். துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் அதுவரை பெயரே வராத ஒருவனைக் கொலைகாரன் என்று காட்டுவது போல இருக்கிறது இது. காலச் சுழலின் முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலால் அறுத்துவிட்டார்கள்.

சிவப்புநூல்:
பெயரே வராத ஆளா? டான்ஹவுஸ் முதல் சீசனிலிருந்தே இருக்காருங்க! 1953, 1986 ரெண்டிலயும் அவர் கடிகாரக் கடை வருது. அந்தக் கடையில வச்சுத்தான் அவர் சொல்றார்: நம்ம சிந்தனை ரெண்டு ரெண்டாவே ஓடுது, உள்ளே வெளியே, கறுப்பு வெள்ளைன்னு, அது தப்பு, மூணாவது ஒண்ணு இல்லாம எதுவும் முழுசாகாது. கடைசி எபிசோட்ல கிளாடியா ஆதாம்கிட்ட, அதாவது கிழவனான யோனாஸ்கிட்ட, பேசுறதும் அதே விஷயம்தான். குகைக் கதவுல இருக்கிற முக்கோண முடிச்சுக்கு முனை மூணு. ‘ஆதாம் உலகம், ஏவாள் உலகம்’னு ரெண்டோட நின்னிருந்தாத்தான் நீங்க மோசடின்னு சொல்லணும். (ஏவாள்ங்கிறது ரெண்டாவது உலகத்து மார்த்தாவோட கிழப் பருவம்.)

இன்னொண்ணு. இது அறிவியல் புனைவு உடுப்புல வர்ற கிரேக்கத் துன்பியல். பள்ளி நாடகத்துல யோனாஸோட காதலி மார்த்தா போடுற வேஷம் அரியாட்னி. சிக்குவழிக்குள்ள போறவன் கையில நூல் கொடுத்து அனுப்புறவ அவ. யோனாஸ் குகைக்குள்ள போகும்போது பிடிச்சுக்கிட்டுப் போறது சிவப்புக் கயிறு. சிக்குவழிங்கிறது வட்டம் இல்ல. வட்டத்துக்கு வாசல் கிடையாது, சிக்குவழிக்கு உண்டு. வெளிய வர வழி இருக்குன்னு அந்த நாடகமே முதல் சீசன்ல சொல்லிடுச்சு.

சீசியம்137:
இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. ‘உடுப்பு’ என்று சொல்வதில் பாதி சரி, பாதி தவறு.

இயற்பியலாகப் பார்த்தால் தொடர் பல இடங்களில் நிற்காது. ஐன்ஸ்டீனும் ரோசனும் 1935இல் எழுதிய காலவெளிப் பாலத்தின் (புழுத்துளையின்) வழியே எதுவும் கடக்க முடியாது. ஒளி மறுமுனையை எட்டுவதற்குள் அது இறுகி மூடிவிடும் என்று 1962இல் ஃபுல்லரும் வீலரும் காட்டினார்கள். கடக்கக்கூடிய புழுத்துளையை மோரிஸும் தோர்னும் எழுதியது 1988இல். அதைத் திறந்து வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும். அப்படிப்பட்ட துளையைக் கால இயந்திரமாக்கினாலும், அது இயந்திரமான நாளுக்கு முன்னால் போக வழியில்லை. வின்டனிலோ 1986 விபத்தில் பிறந்த துளை 1953க்குத் திறக்கிறது. தொடக்கமே இல்லாத காலச் சுழல் வேண்டுமென்றால் 1949இல் கோடல் கண்ட சுழலும் பிரபஞ்சம்தான் பொருத்தம். ஒரே நேரத்தில் உயிரோடும் உயிரற்றும் இருக்கும் ஷ்ரோடிங்கரின் பூனையும் அதே 1935ஆம் ஆண்டுச் சரக்கு. முதல் சீசன் பாலத்தை எடுத்துக்கொள்கிறது, மூன்றாம் சீசன் பூனையை.

33 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனும் சந்திரனும் பழைய இடத்துக்கே திரும்புகின்றன என்று தொடர் சொல்லும் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு சந்திர மாதம் 29.53 நாள். பன்னிரண்டு மாதம் 354.37 நாள். சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 10.9 நாள் குறைவு. 34 சந்திர ஆண்டுக்கு 12,048.5 நாள், 33 சூரிய ஆண்டுக்கு 12,053 நாள். நாலரை நாள் இடிக்கிறது. ரமலான் நோன்பு சுமார் 33 ஆண்டில் அதே பருவத்துக்குத் திரும்புவது இதனால்தான். ஆனால் அதே தேதிக்குத் திரும்புவதில்லை. துல்லியம்தான் நோக்கம் என்றால் 19 ஆண்டுச் சுழற்சியை எடுத்திருக்க வேண்டும். அதில் 235 சந்திர மாதம் சூரிய ஆண்டுகளோடு இரண்டு மணி நேர வித்தியாசத்தில் பொருந்துகிறது.

பிறகு ஏன் 33? தலைமுறை. ஹெல்கே 1953இல் 9 வயது, 1986இல் 42, 2019இல் 75. ஒரே ஆள் சிறுவனாக, நடுவயதினராக, கிழவராக மூன்று காலத்திலும் நிற்க முடிகிறது. 19 வைத்தால் அவர் 9, 28, 47, தாத்தா கிடைக்கமாட்டார். நாடகத்தின் தேவைதான் எண்ணைத் தேர்ந்தெடுத்தது, வானியல் பின்னால் ஒட்டப்பட்டது. அதனால் தொடர் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

நிழற்கடிகாரம்:
19ஐயும் 33ஐயும் பற்றிய இந்த விளக்கம் அருமை, ஏற்கிறேன். ஆனால் நீங்களே என் கட்சிக்கு வலுச் சேர்க்கிறீர்கள். இயற்பியல் துணைக்கு வராது என்றால் தொடருக்கு மிஞ்சுவது அதன் சொந்த விதிதான். அதை மீறினால் மிஞ்ச ஒன்றுமில்லை.

குகைவாசல்:
தொடரின் மேல் விழுந்த தாக்கம் பற்றிப் பேசும்போது அமெரிக்கத் தொடர்களான ட்வின் பீக்ஸையும் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸையும் விட்டுவிட்டீர்களே? காடு, சிறு நகரம், காணாமல் போகும் பையன், எண்பதுகள் எல்லாம் அங்கிருந்துதானே?

சிவப்புநூல்:
ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் வந்தது 2016 ஜூலை. டார்க் அதுக்கு முன்னாடியே அறிவிச்சாச்சு. பார்த்து எடுத்தாங்கன்னு சொல்றது பொருந்தாது. ட்வின் பீக்ஸ் சரி. ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பு ஊரோட எல்லா வீட்டுக் கதவையும் திறந்து காட்டுறது 1990ல அது போட்ட பாதைதான். ஆனா அங்கே காடு வேற ஒரு சக்தியோட இருப்பிடம். வின்டன்ல வெளியிலிருந்து வந்த தீய சக்தின்னு ஒண்ணும் இல்ல. செய்யுறது எல்லாம் அம்மா, அப்பா, மகன், மகள்.

சீசியம்137:
எல்லோரும் தாண்டிப் போகிற தாக்கம் ஒன்று உண்டு: செர்னோபில். விபத்து 1986 ஏப்ரல் 26. தொடரின் 1986 நவம்பர், அதாவது ஆறு மாதம் கழித்து. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பெய்த மழையோடு கதிரியக்கப் பொருளான சீசியம்‑137 தெற்கு ஜெர்மனியில் இறங்கியது. குழந்தைகளை மணல்தொட்டியில் விளையாட விடவில்லை, பாலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பவேரியக் காட்டுப் பன்றி இறைச்சியில் இன்றைக்கும் கிலோவுக்கு 600 பெக்கரல் என்னும் கதிரியக்க வரம்பைத் தாண்டும் மாதிரிகள் அகப்படுகின்றன. பன்றி தோண்டித் தின்னும் மான்காளான் அதை மண்ணிலிருந்து திரட்டி வைத்திருக்கிறது. சீசியம்‑137இன் அரைவாழ்வு ஏறக்குறைய 30 ஆண்டு. 1986இல் விழுந்ததில் 33 ஆண்டு கழித்து 2019இல் சுமார் 47 விழுக்காடு அப்படியே இருக்கும்.

இந்தப் பின்னணியோடு முதல் சீசனைப் பாருங்கள். அணு உலைத் தலைவர் விபத்தை மூடி மறைக்கிறார், கழிவுப் பீப்பாய்கள் குகைக்குள் கிடக்கின்றன, பதவிக்கு வந்ததும் கிளாடியாவும் அந்த மௌனத்தில் சேர்ந்துகொள்கிறார். பெரியவர்கள் புதைத்ததைப் பிள்ளைகள் மிதிக்கிறார்கள். ஜெர்மன் பார்வையாளர் ஒருவருக்கு இது புனைவாகவே படாது. கால இயந்திரத்துக்கு எரிபொருளாக அதே சீசியத்தை வைத்தது தற்செயல் இல்லை என்பது என் முடிவு.

மேசைவிளக்கு:
முடிவு நேர்மையா என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது, தாளில் வரைந்தால் தீரும். ஏ3 தாள் ஒன்று, மூன்று நிறப் பேனா போதும்.

நெடுக்கில் கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமன் என நான்கு பட்டை. குறுக்கில் 1888, 1921, 1954, 1987, 2020, 2053. முதல் சீசனின் 1953, 1986, 2019ஐத் தனிக் கட்டமாக்க வேண்டாம், பக்கத்தில் சிறு கோடு போட்டால் போதும். ஜன்னல் எப்போதும் 33 ஆண்டு அகலம்தான். 2019 நகர்ந்து 2020 ஆனால் 1986ம் 1987 ஆகும். பலர் தவறுவது இங்கேதான்: பன்னிரண்டு கட்டம் போட்டுத் தாள் நிறைந்துவிடும்.

அடுத்த தவறு, பெயருக்கு ஓர் ஆள் என எழுதுவது. மிக்கேலும் மிஷேலும் ஒருவர். யோனாஸ், அந்நியர், ஆதாம் ஒருவர். நோவாவும் ஹன்னோவும் ஒருவர். ஆளுக்கு ஒரே வட்டம் போட்டு, உள்ளே பெயர்களை அடுக்குங்கள். ஷார்லோட்டேயிடம் வரும்போது மேலிருந்து கீழாகப் போகும் கோடு உடையும், ஏனென்றால் அவர் மகள் எலிசபெத்தே அவருக்குத் தாய். அங்கே மட்டும் இரண்டு அம்புக்குறி எதிரெதிராகப் போடுங்கள்.

இப்போது சிவப்புப் பேனாவை எடுத்து, யோனாஸுக்கும் மறு உலக மார்த்தாவுக்கும் பிறந்த பெயரில்லாத மகனில் தொடங்குங்கள். அவனுக்கும் அக்னெஸுக்கும் ட்ரோன்ட்டே. அவருக்கு உல்ரிஷும் மாட்ஸும். உல்ரிஷுக்கு மாக்னுஸ், மார்த்தா, மிக்கேல். மிக்கேலுக்கு யோனாஸ். வட்டம் மூடிவிட்டது. இன்னொரு பக்கம் ஹன்னா காலம் கடந்து போய் எகோனிடம் பெற்ற சில்யா. சில்யாவுக்கும் பார்தோஷுக்கும் அக்னெஸும் நோவாவும். நோவாவுக்கும் எலிசபெத்துக்கும் ஷார்லோட்டே. சிவப்பு பட்ட எல்லோரையும் அடித்துவிடுங்கள்.

அடிபடாமல் நிற்பவர்களில் ரெகீனா, காத்தரீனா, ஹன்னா, பீட்டர், பெர்னடெட், வோலர் இருப்பார்கள். கடைசிக் காட்சியில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது இந்த ஆறு பேர்தான். கிளாடியாவின் மகள் ரெகீனாவின் அப்பா ட்ரோன்ட்டே என்று பல பேர் நெடுநாள் நம்பினோம். அது உண்மையானால் அவரும் அடிபட வேண்டும். அதனால்தான் ‘நீ அவள் அப்பா இல்லை’ என்று கிளாடியா ட்ரோன்ட்டேயிடம் சொல்லும் சின்னக் காட்சி மூன்றாம் சீசனில் இருக்கிறது. அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் மேசையில் ஒரு நாற்காலி தப்பாகிவிடும்.

நிழற்கடிகாரம்:
மேசை சரி, மறுக்கவில்லை. இருந்தும் இரண்டு கேள்வி. ரெகீனாவின் கணவர் அலெக்சாண்டர் முடிச்சில் பிறந்தவர் அல்ல, அவர் ஏன் அங்கே இல்லை? முக்கியமானது அடுத்தது: யோனாஸும் மார்த்தாவும் மூல உலகத்துக்குப் போய் டான்ஹவுஸின் மகன், மருமகள், பேத்தி மூவரும் இறக்கும் கார் விபத்தைத் தடுக்கிறார்கள். விபத்து இல்லையென்றால் அவர்களை மீட்க டான்ஹவுஸ் கட்டிய கால இயந்திரம் இல்லை, இரண்டு உலகமும் இல்லை, இவர்களும் இல்லை. அப்புறம் விபத்தைத் தடுத்தது யார்? 18 எபிசோட் கதவைச் சாத்தி வைத்த அதே முரண்பாடு.

மேசைவிளக்கு:
அலெக்சாண்டர் ரெகீனாவைச் சந்தித்ததே 1986இல் காத்தரீனாவும் உல்ரிஷும் அவளைக் கொடுமைப்படுத்தியபோது இடையில் புகுந்ததால்தான். உல்ரிஷை அடித்தாயிற்று, அந்தச் சந்திப்பும் போயிற்று. தாளிலேயே தெரியும்.

சிவப்புநூல்:
ரெண்டாவதுக்கு நான் சொல்றேன். அறுக்கிற முயற்சியை இந்தத் தொடரே நமக்குக் காட்டிடுச்சு. அறுக்கப் பார்த்தவர் ஆதாம். ரெண்டு உலகப் பேரழிவோட ஆற்றலையும் ஒண்ணாச் சேர்த்து, கர்ப்பமா இருக்கிற மார்த்தாவோட அந்தக் குழந்தையை, முடிச்சோட ஆரம்பத்தை, அழிக்கப் பார்த்தார். ஒண்ணும் நடக்கல. ஆதாம் இன்னும் உயிரோட நிக்கிறார். முடிச்சுக்குள்ள எந்த இடத்துல வெட்டினாலும் முடிச்சுதான் இறுகும், நீங்க சொன்ன விதி அங்கே கடைசி வரைக்கும் நிக்குது. கிளாடியா செஞ்சது வெட்டு இல்ல, நூல் எங்கிருந்து வந்துச்சோ அந்த முனையைத் தேடிப் பிடிச்சது. இதை நம்ம ‘ஊழ்’னு சொல்லிடலாமான்னு எனக்கு ரொம்ப நாள் யோசனை. பொருந்தல. ஊழ்ல முன்வினை இருக்கும், செஞ்சதுக்குப் பலன் இருக்கும். யோனாஸ் செஞ்ச வினை எதுவுமே இல்லாம அவனைப் பெத்ததே முடிச்சு.

சீசியம்137:
முனை என்பது அழகாக இருக்கிறது, ஆனாலும் முரண்பாடு முரண்பாடுதான், நிழற்கடிகாரம் கேட்டதற்கு அது பதிலாகாது. ஒவ்வொரு சாத்தியமும் தனி உலகமாகக் கிளைக்கிறது என்னும் எவரெட்டின் பல உலகக் கருத்தை இழுத்து வந்தாலும் தப்பிக்க முடியாது. அதில் பிரிந்த கிளைகள் ஒன்றையொன்று போய்த் தொடுவதில்லை. இங்கே போய்த் தொடுகிறார்கள்.

ஆனால் ‘காலம் நிற்கும் கணம்’ முடிவுக்காகக் கடைசியில் செருகப்பட்டது என்ற குற்றச்சாட்டை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டாம் சீசன் கடைசி எபிசோடை மறுபடி பாருங்கள். பேரழிவுக்குச் சற்று முன் மறு உலக மார்த்தா வந்து யோனாஸை அழைத்துப் போகிறாள். மூன்றாம் சீசனில் அந்த யோனாஸ் ஏவாளின் உலகத்தில் கொல்லப்படுகிறான். அப்படியானால் அந்நியராகவும் ஆதாமாகவும் வளர்ந்தது யார்? மார்த்தா வராமலே போன, நிலவறைக்குள் ஓடி ஒளிந்த இன்னொரு யோனாஸ். அதே கணம், இரண்டு பாதை. அந்த இடைவெளியை முதலில் பயன்படுத்தியவர் ஏவாள். அதுவும் முடிச்சை நிலைநிறுத்துவதற்காக. கிளாடியா எடுத்தது ஏவாளின் கையிலிருந்த அதே கருவியை. தடயம் 2019 ஜூனிலேயே நம் முன்னால் கிடந்தது. மார்த்தாவோடு போன யோனாஸ் எப்படி அந்நியராக முடியும் என்று ஓராண்டு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். நாமோ அந்த மார்த்தா எந்த உலகத்தவள் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம்.

நிழற்கடிகாரம்:
இதை நான் கவனிக்கவில்லை. ஏவாள் முதலில் பயன்படுத்தினார் என்பதால் ‘கடைசி நேரச் செருகல்’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். விபத்தைத் தடுத்தவர் யார் என்ற கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. மூல உலகத்துக்குப் போகும் வழியில் யோனாஸும் மார்த்தாவும் ஒருவரையொருவர் சிறு பிள்ளைகளாக அலமாரிக் கதவின் இடுக்கில் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. அது அவர்கள் பிள்ளைப் பருவத்தில் உண்மையிலேயே நடந்தது என்றால், இந்தப் பயணமும் முடிச்சுக்குள்ளேயே எழுதப்பட்டதாகிவிடும். மேசைவிளக்கு, உங்கள் தாளில் அந்தக் காட்சிக்கு எந்தக் கட்டம்?

மேசைவிளக்கு:
கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.