கலைச்சொல் உதவி: ரைட்-பேக், ரைட்-த்ரூ (வெள்ளிக்குள்)

அன்பர்களுக்கு வணக்கம்.

யுனிக்ஸ் சேவையகக் கையேட்டில் ஓர் அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது: தரவுத்தளம் எழுதும்போது இழுத்தால் வட்டைச் சோதிப்பது எப்படி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக ஆளும் ரெய்டு அட்டையில் பேட்டரி காக்கும் நினைவகம் இருக்கும். தரவு அதற்குள் வந்ததுமே 'எழுதியாயிற்று' என்று அட்டை சொல்லிவிடும்; வட்டுக்கு அப்புறம் மெல்லப் போகும். இது ரைட்-பேக். பேட்டரி செத்தால் பல அட்டைகள் தாமாகவே ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். வட்டில் பதிந்த பிறகுதான் பதில் வரும். 'பின்னெழுத்து, ஊடெழுத்து' என்று போட்டிருக்கிறேன். தேறுமா?
— செ.

> பின்னெழுத்து, ஊடெழுத்து

தம்பி, எழுத்து என்றால் எங்களுக்கு அகரமும் ககரமும்தான். சார்பெழுத்துக்குப் பக்கத்தில் இதையும் உட்கார வைக்காதீர்கள். அல் விகுதி கொடுத்து 'எழுதல்' ஆக்குங்கள். தரவைத் தாங்கி வைத்து எழுதுவதால் 'தாங்கியெழுதல்', மற்றது 'நேரெழுதல்'. எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் சிற்றேரியைத் தாங்கல் என்போம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்தவை. தெற்கே அதுவே ஏந்தல். ஏந்தலுக்குத் தலைவன் என்றும் பொருள் உண்டே, நீரைத் தேக்கி வைத்தவன்தான் தலைவனானானோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.
— தமிழாசிரியர் (ஓய்வு)

ஐயா, வேடந்தாங்கலுக்குப் பறவை வருவதற்குள் என் சேவையகம் படுத்துவிடும். நள்ளிரவில் போன் போட்டு 'தாங்கியெழுதல் நின்றுவிட்டதா பார்' என்றால் பையன் முழிப்பான். 'ரைட்-பேக் போச்சு, பேட்டரியைப் பார்' என்றால் ஓடுவான்.

செ., அத்தியாயத்துக்கு வேண்டியது சொல் அல்ல, கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டு விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. ரைட்-த்ரூவில், கமிட்டுக்குக் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளை) எஃப்சிங்க் (தரவு பதிந்ததா என்று உறுதிசெய்யும் அழைப்பு) போட்டுக் காத்திருக்கும் ஒற்றை இணைப்பு அதனால் விநாடிக்கு 120 கமிட்டைத் தாண்டுவது அரிது. நேற்று ஆயிரக்கணக்கில் ஓடியது இன்று நூற்றுச் சொச்சத்தில் நின்றால் வினவலைக் குடையாதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். வட்டின் வேலையைக் காட்டும் ஐயோஸ்டாட் கருவியில் காத்திருப்பு ஏறியிருக்கும், எழுதிய அளவோ சொற்பமாக இருக்கும். சரிபார்ப்புத் தரவையும் சேர்த்து எழுதும் ரெய்டு 5 என்றால் இன்னும் மோசம்: ஒரு சிறு எழுத்துக்கு இரண்டு படிப்பு, இரண்டு எழுத்து. எஃப்சிங்க்கை அணைத்து வேகத்தை மீட்கும் புத்திசாலிகளும் உண்டு. மின்சாரம் போனால் தரவுத்தளமே சிதையும். அதற்கு ஓர் எச்சரிக்கைக் கட்டம் போடுங்கள்.
— மு.

> ஒரு சிறு எழுத்துக்கு இரண்டு படிப்பு

பார்த்தீர்களா! குற்றெழுத்துக்கு இரண்டு பட்டம் கொடுத்துவிட்டார். இதைத்தான் சொன்னேன்.
— த. (ஓ)

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு குரல். தாங்கியெழுதல் எண்டால் எனக்கு மனத்தாங்கல்தான் ஞாபகம் வருகுது. பேசாமல் 'பிற்பதிவு', 'உடன்பதிவு' எண்டு போடுங்கோ. பெடியளுக்கும் விளங்கும்.
— வ.

வ. சொல்வது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உடன் என்றதும் வேகம் என்று மாணவன் நினைப்பான். இங்கே மெதுவானதே அதுதான்! பிற்பதிவுதான் பறக்கும். சொல்லே ஆளைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளும்.
— மு.

உடன் என்பதற்கு 'விரைவாக' என்பது பின்னால் ஒட்டிய பொருள். மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளை நினையுங்கள்: ஆசிரியருடன் மாணவன் வந்தான். நினைவகத்துடன் வட்டிலும் பதிகிறது. இலக்கணப்படி பழுதில்லை. ஆனாலும் தாங்கியெழுதலின் அழகு இதில் இல்லை.
— த. (ஓ)

மூன்றாம் வேற்றுமை தெரிந்தவனா ஐயா பேட்டரி மாற்ற வருகிறான்?
— மு.

எல்லோருக்கும் நன்றி. பிற்பதிவு, உடன்பதிவு என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ரைட்-பேக், ரைட்-த்ரூ என்று பக்கத்தில் இருக்கும். மு.வின் 120 கணக்கும் கட்டமும் சேர்ந்தாயிற்று. டிஸ்க்குக்குத் தட்டா வட்டா என்று யாரும் தொடங்க வேண்டாம்.
— செ.

சொல்லடைவில் தாங்கியெழுதலுக்கு ஒரு வரியாவது ஒதுக்குங்கள் தம்பி. ஏந்தல் பற்றிய மடல் நாளை வரும்.
— த. (ஓ)

செ., நினைவகத்தில் உள்ளதை வட்டுக்குத் தள்ளும் ஃப்ளஷ்ஷுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? 'கழுவு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
— மு.